எந்த வாசல்? டோக்கியோ நாட்குறிப்பு

முதல் நாள்: அசாகுசா

டோக்கியோவில் நண்பர்களோடு சுற்றும்போது வழி தவறினால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ரயில் நிலையத்தில் தப்பான வாசல் வழியாக வெளியே வந்திருப்பார்கள். சரியான தடத்தில் தப்பான வகை ரயிலில் ஏறியிருப்பார்கள். அல்லது முகவரியில் உள்ள எண்களைக் கதவு எண் என்று நினைத்துத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து பேராகப் போனால் இன்னொன்றும் சேரும். கூட்டம் இரண்டாகப் பிரியும், இரண்டு பாதியும் ஒன்றையொன்று தேடிக் கிளம்பும், தேடத் தேட விலகிப் போகும். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே எங்கே பிசகும், ஏன் பிசகும், பிசகினால் என்ன செய்வது என்று எழுதுகிறோம்.

விமான நிலையத்திலிருந்து தங்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் முதல் நாள் வேலை. அசாகுசாவில் தங்குவதில் ஒரு வசதி உண்டு. நரிதா, ஹனேடா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் தோயேய் அசாகுசா தடம் வழியாக மாறாமல் வரும் ரயில்கள் இருக்கின்றன. ஆனால் அதே பிளாட்பாரத்துக்கு வேறு ஊர் போகும் ரயில்களும் வரும். நரிதாவில் பலகையில் சேருமிடம் கெய்சேய் உவேனோ என்றிருந்தால் அந்த ரயில் அசாகுசா போகாது. தெரியாமல் ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஆவோதோ நிலையத்தில் இறங்கி மாறலாம். தடம் பிரிவதே அங்கேதான். ஸ்கைலைனர் என்ற தனிக் கட்டண விரைவு ரயில் தவிர மற்ற ரயில்கள் அங்கே நிற்கும். ஹனேடாவில் கெய்க்யூ ரயில் ஏறும்போது அது ஷினகாவா பக்கம் போகிறதா, யோகோஹாமா பக்கம் போகிறதா என்று பார்த்துவிட்டு, ஷினகாவா பக்கம் போவதில் ஏறுங்கள்.

அசாகுசா என்ற பெயரில் நான்கு நிலையங்கள் உண்டு. கின்சா தடம், தோயேய் அசாகுசா தடம், தோபு ரயில் மூன்றும் சுமிதா ஆற்றங்கரையை ஒட்டி அருகருகே இருக்கின்றன. நான்காவதான சுகுபா எக்ஸ்பிரஸ் நிலையம் சுமார் 600 மீட்டர் மேற்கே தனியாக இருக்கிறது. 'அசாகுசா நிலையத்திலிருந்து மூன்று நிமிடம்' என்று விடுதி சொன்னால் எந்த அசாகுசா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசாகுசாபாஷி வேறு ஊர். தோயேய் தடத்தில் இரண்டு நிலையம் தெற்கே.

இடம் பிடிபடுவதற்கு இந்தப் பகுதி எளிது. செஞ்சோஜி கோயிலின் பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் காமினாரிமோன் வாசல் தெற்கு எல்லை. அங்கிருந்து நகாமிசே கடைத்தெரு சுமார் 250 மீட்டர் வடக்கே ஓடிக் கோயிலில் முடிகிறது. கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் தெற்கே. இடது கைப்பக்கம் ஆற்றுக்கு அப்பால் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம். சந்துகளுக்குள் சுற்றித் திசை குழம்பினால் கோபுரம் தெரியும் திறப்புவரை நடந்தால் போதும்.

வெளியே கிளம்புமுன் கூட்டத்துக்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொருவரிடமும், முன்கூட்டிப் பணம் போட்டு ரயில் கேட்டில் தொட்டுப் போகும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை தனியாக இருக்கட்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் மாறி மாறித் தொட முடியாது, உள்ளே போன பதிவு இருக்கும்வரை கேட் திறக்காது. ஐபோனில் சுய்காவை நேரடியாகச் சேர்க்கலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கான சிப் பொதுவாக இருப்பதில்லை, அவர்களுக்குக் கையில் அட்டைதான் வழி. டேட்டாவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். ஒருவருடைய ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் ஒட்டிக்கொண்டு திரிந்தால், பிரிகிற நிமிடத்திலேயே மூன்று பேர் ஊமையாகிவிடுவார்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் ஜப்பானிய எழுத்தில் படம் எடுத்து எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் உடலோடு இருக்க வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் அதை வைத்திருப்பது அங்கே சட்டப்படி கட்டாயம்.

ரயிலில் பிரிந்தால் விதி இது. ஏறிவிட்டவர் அந்த ரயில் அடுத்து நிற்கும் நிலையத்தில் இறங்கி, இறங்கின இடத்திலேயே நிற்பார். விடுபட்டவர்கள் அதே வகை அடுத்த ரயிலில், அதே பெட்டியில் ஏறி வருவார்கள். யாரும் திரும்பி வரக் கூடாது. பெட்டி எண் எப்படித் தெரியும் என்றால், பிளாட்பாரத் தரையிலேயே பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கும். நகரத்துக்குள் வட்டமாகச் சுற்றி ஓடும் யமனோதே ரயிலில் 11 பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு நான்கு கதவுகள், மொத்த நீளம் 220 மீட்டர் அளவு. 'பிளாட்பாரத்தில் நில்' என்று சொன்னால் அந்த நீளம் முழுக்கத் தேட வேண்டும். '5ஆம் பெட்டி, 2ஆம் கதவு' என்றால் ஒரு அடி இடம்.


இரண்டாம் நாள்: ஷின்ஜுகு

உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் ரயில் நிலையம் இது. பெருந்தொற்றுக்கு முந்தைய கணக்கில் நாளுக்குச் சுமார் 35 லட்சம் பேர். வெளியே வரும் வழிகள் 200க்கும் மேல். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே), ஒடாக்யு, கேயோ, டோக்கியோ மெட்ரோ, தோயேய் என்று ஐந்து நிறுவனங்களின் நிலையங்கள் ஒட்டிக் கிடப்பதைத்தான் ஒரே பெயரில் ஷின்ஜுகு என்கிறோம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி டிக்கெட் கேட். ஒருவருடைய 'மேற்கு வாசல்' இன்னொருவருடைய 'மேற்கு வாசல்' இல்லை.

வரைபடத்தைப் பார்த்து இதை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஜேஆர் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு சங்கதியை மட்டும் நினைவில் வையுங்கள். பிளாட்பாரங்கள் தரை மட்டத்தில் இருக்கின்றன. கிழக்கு, மேற்கு, மத்திய வாசல்களுக்குப் படி இறங்க வேண்டும், அவை பாதாளத்தில். தெற்கு வாசல், தென்கிழக்கு வாசல், கோஷு-கைதோ வாசல், புதிய தெற்கு வாசல் எல்லாவற்றுக்கும் படி ஏற வேண்டும். தெற்கே கோஷு-கைதோ நெடுஞ்சாலை தண்டவாளங்களுக்கு மேல் பாலமாகப் போகிறது, அந்த மட்டத்தில்தான் அந்த வாசல்கள் திறக்கின்றன. ஆகவே நண்பர் 'தெற்கு வாசலில் நிற்கிறேன்' என்கிறார், நீங்கள் படி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அங்கேயே நின்று திரும்புங்கள்.

இருப்பிடத்தைப் போனில் பகிர்ந்துகொண்டால் போதாதா என்பார்கள். இங்கே போதாது. திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும், ஆனால் ஒருவர் சுரங்க நடைபாதையிலும் இன்னொருவர் மூன்று மட்டம் மேலே பாலத்திலும் இருப்பார்கள். பாதாளத்தில் செயற்கைக்கோள் சிக்னலும் கிடைக்காது, கடைசியாகக் கிடைத்த இடத்திலேயே புள்ளி உறைந்து நிற்கும். இதனால் செய்தி அனுப்பும்போது மூன்று தகவல் அனுப்புங்கள்: எந்த நிறுவனத்தின் கேட், அதன் பெயர், கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா. மஞ்சள் பலகையில் வெளியேறும் வாசலின் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்புவது இன்னும் நல்லது.

கிழக்கு, மேற்கு இரண்டும் மாறிப்போனால் முன்பெல்லாம் வெளியே பெரிய சுற்றுச் சுற்ற வேண்டும். 2020 ஜூலையில் கிழக்கு மேற்கு இலவச நடைபாதை திறந்தார்கள். 25 மீட்டர் அகலம், சுமார் 100 மீட்டர் நீளம், டிக்கெட் தேவையில்லை. பழைய வழிகாட்டிகளில் இது இல்லாததால், இன்னமும் பலர் மறுபடி அட்டையைத் தொட்டு உள்ளே போய் அந்தப் பக்கம் வருகிறார்கள். அதற்கு வீணாகக் காசு போகும்.

யமனோதே தடத்தில் உள்வட்டம், வெளிவட்டம் என்று அறிவிப்பார்கள். அதைப் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டாம், அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள். 14ஆம் பிளாட்பாரம் ஷிபுயா பக்கம், 15 இகேபுகுரோ பக்கம். முழு வட்டம் 34.5 கிலோமீட்டர், சுற்றி வர ஒரு மணி நேரம் சொச்சம். தப்பான பக்கம் ஏறினால் அடுத்த நிலையத்தில் இறங்கி மாறுவதுதான் சிக்கனம்.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. 13உம் 14உம் ஒரே மேடையின் இரண்டு ஓரங்கள். 13இல் சூவோ-சோபு தடத்தின் மஞ்சள் ரயில், 14இல் யமனோதேயின் பச்சை ரயில். இரண்டுக்கும் அடுத்த நிலையம் யோயோகிதான். அதற்குப் பிறகு மஞ்சள் ஒச்சனோமிசு பக்கம் திரும்பிவிடும், பச்சை ஹராஜுகு போகும். அதே மாதிரி 15உம் 16உம் ஒரே மேடை. 15இல் ஏறினால் அடுத்தது ஷின்-ஓகுபோ, 16இல் ஏறினால் ஓகுபோ. கொரியத் தெருவுக்குப் போகிறவர்கள் ஷின்-ஓகுபோவில் இறங்க வேண்டும். ஓகுபோவில் இறங்கிவிட்டால் திரும்ப ரயில் ஏறாதீர்கள். இரண்டு நிலையங்களும் ஓகுபோ சாலை என்ற ஒரே சாலையில் சில நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. கிழக்கே நடந்தால் வந்துவிடும்.

சூவோ தடத்தின் ஆரஞ்சு ரயில் விரைவு வகை. கிழக்கே போகும்போது ஷின்ஜுகுவுக்கு அடுத்து யோத்சுயா, பிறகு ஒச்சனோமிசு, கண்டா, டோக்கியோ மட்டுமே. மஞ்சள் ரயில் இடையில் எல்லா இடத்திலும் நிற்கும். ஆரஞ்சு ரயிலில் 4, 5ஆம் பெட்டிகள் இரட்டை மாடிப் பெட்டிகள். 2025 மார்ச்சிலிருந்து அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கதவு மூடும் நேரத்தில் ஓடிப்போய் அதில் ஏறுவதற்குப் பதில் அடுத்த ரயிலுக்கு நிற்கலாம்.

ஒடாக்யுவில் முதல் நாள் சொன்ன விதிக்கு ஒரு திருத்தம் வேண்டும். ஷின்ஜுகுவிலிருந்து லோக்கல் ரயிலுக்கு அடுத்த நிலையம் மினாமி-ஷின்ஜுகு, எக்ஸ்பிரஸுக்கு யோயோகி-உயேஹாரா. எக்ஸ்பிரஸில் போய்விட்டவரைத் தேடி லோக்கலில் போனாலும் சேர்ந்துவிடலாம், நேரம்தான் கூடும். லோக்கலில் போய் மினாமி-ஷின்ஜுகுவில் நிற்பவரைத் தேடி எக்ஸ்பிரஸ் ஏறினால் அவர் கண் முன்னாலேயே கடந்து போவீர்கள். ஆகவே விடுபட்டவர்களுக்குச் சந்தேகம் வந்தால் எப்போதும் லோக்கல்.

ஓஏடோ தடத்தை வரைபடத்தில் பார்த்தால் வட்டம்போலத் தெரியும். உண்மையில் அது 6 என்ற எண்ணின் வடிவம். வட்டத்தின் முனையும் வாலும் சேருமிடம் தோச்சோமாயே, அங்கே இறங்கி மாற வேண்டும். ஷின்ஜுகு, ஷின்ஜுகு-நிஷிகுச்சி இரண்டும் இதே தடத்தில் தனித்தனி நிலையங்கள் என்பதையும் கவனியுங்கள். செய்பு-ஷின்ஜுகு நிலையம் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது ஜேஆர் கிழக்கு வாசலிலிருந்து வடக்கே சில நிமிட நடை.

ஃபூஜி மலைப்பக்கம் போகும் நெடுந்தூரப் பேருந்துகள் கிளம்பும் பேருந்து நிலையம் 2016இல் திறந்தது. தெற்கு வாசலுக்கு எதிரே, நான்காம் மாடியில். பேருந்து நிலையம் தரையில் இருக்கும் என்று கீழே தேடுகிறவர்கள்தான் பேருந்தை விடுகிறார்கள். இந்த நிலையத்துக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பெட்டிகளை லாக்கரில் வைப்பவர்கள் லாக்கர் எண்ணோடு அருகில் உள்ள வாசலின் பெயரையும் படமெடுங்கள். சுய்கா அட்டையால் பூட்டிய லாக்கரை அதே அட்டைதான் திறக்கும். அட்டைக்காரர் வேறு பக்கம் போய்விட்டால் எல்லோருடைய பெட்டியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு திசையில் போகும் நாளில் சாவி உள்ள லாக்கர் அல்லது ரசீதில் ரகசிய எண் அச்சிடும் லாக்கர் மேல்.


மூன்றாம் நாள்: மேற்கு ஷின்ஜுகு, ககுராசாகா

காலையில் மாநகர அரசின் இரட்டைக் கோபுரம். 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில் பார்வைத் தளம், கட்டணம் கிடையாது. கட்டடம் எங்கிருந்தும் தெரியும், ஆனாலும் நெருங்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். 1898இலிருந்து 1965வரை இந்த இடம் யோதோபாஷி குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அதன் ஆழமான நீர்த்தொட்டிகளின் அடிமட்டத்தில் சில சாலைகளும், கரைமட்டத்தில் சில சாலைகளும் போட்டார்கள். வரைபடத்தில் சந்திப்புபோலத் தெரியும் இரண்டு சாலைகள் நேரில் ஒன்றின்மேல் ஒன்று போகின்றன. 'இங்கே இடதுபக்கம் திரும்பு' என்று போன் சொல்லும், இடதுபக்கம் கைப்பிடிச் சுவரும் கீழே சாலையும்தான் இருக்கும். அருகிலுள்ள படிக்கட்டைத் தேடி மட்டம் மாறுங்கள். உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களில் சிக்னல் பட்டுத் தெறிப்பதால் போன் காட்டும் இடமும் ஒரு கட்டடம் தள்ளியே இருக்கும்.

டோக்கியோ முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ள இந்தக் கட்டடமே நல்ல எடுத்துக்காட்டு. நிஷி-ஷின்ஜுகு 2-8-1. தெருப்பெயர் எங்கும் வரவில்லை, வரவும் வராது. 2 என்பது நிஷி-ஷின்ஜுகுவின் இரண்டாம் பிரிவு, அதைச் சோமே என்பார்கள். 8 என்பது அந்தப் பிரிவுக்குள் நான்கு பக்கமும் சாலை சூழ்ந்த ஒரு துண்டு நிலம். 1 என்பது அந்தத் துண்டில் உள்ள கட்டடம். நம் பழக்கத்தில் தெருவைப் பிடித்துக்கொண்டு கதவு எண்ணை எண்ணி நடப்போம். இங்கே துண்டைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி வர வேண்டும். 1962இல் வந்த முகவரிச் சட்டப்படி அமைந்த பகுதிகளில் துண்டைச் சுற்றிக் கட்டட எண்கள் கடிகார முள் போகும் திசையில் ஏறும். ஆகவே 8ஆம் துண்டில் 3 தெரிகிறது, 11 வேண்டும் என்றால், கட்டடங்கள் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள், எண் ஏறிக்கொண்டே வரும். ஒரு மூலையில் திரும்பியதும் தெரு மாறுகிறதே என்று நின்றுவிடாதீர்கள்; துண்டு மாறவில்லை.

நிற்கும் இடத்தின் முகவரி தெரிய மூன்று இடம் பாருங்கள். முதலாவது, மின்கம்பங்களிலும் மூலைக் கட்டடச் சுவர்களிலும் இருக்கும் சிறு தகடு. இரண்டாவது, பானம் விற்கும் தானியங்கி எந்திரம். அவசரத்தில் உதவி கூப்பிடுகிறவர்களுக்காக அதன் முகப்பில் அந்த இடத்தின் முகவரியை ஒட்டியிருப்பார்கள். மூன்றாவது, பல்பொருள் கடையின் ரசீது, கிளையின் பெயர் அதில் அச்சாகியிருக்கும். 'செவன்-இலெவன் வாசலில் நிற்கிறேன்' என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. அடுத்த மூலையிலும் ஒன்று இருக்கும். கிளைப் பெயரோடு சொன்னால் உலகத்தில் அந்த ஒரு கடைதான்.

பிற்பகல் ககுராசாகா. சந்துகளில் தொலைந்துபோவதற்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம் என்றால் டோக்கியோவில் நாங்கள் சொல்லும் இடம் இதுதான். கல் பாவிய ஒடுங்கிய சந்துகள், கறுப்பு மரவேலிகள், பெயர்ப்பலகை வைக்காத உணவகங்கள். ஹ்யோகோ யோகோச்சோ, ககுரென்போ யோகோச்சோ இரண்டு சந்துகளையும் தவறவிட வேண்டாம். சில சந்துகள் வீட்டு வாசலில் போய் முடியும். அங்கே கதவுக்குள் எட்டிப் பார்ப்பதும், உரக்கப் பேசி நண்பரைக் கூப்பிடுவதும் கூடாது. மனிதர்கள் குடியிருக்கும் இடம்.

காலையில் படித்த முகவரிப் பாடம் இந்த வட்டாரத்தில் பாதிதான் செல்லும். சுற்றியுள்ள பழைய ஊஷிகோமே பகுதியில் சிறுசிறு ஊர்ப்பெயர்களை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் 1962 முறை வரவே இல்லை. அங்கே முகவரியில் சோமே இருக்காது, ஊர்ப்பெயரும் நில எண்ணும் மட்டும். நிலம் பிரிந்து பிரிந்து எண் வைத்ததால் 71க்கு அடுத்து 72 இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே எண்ணைத் தொடர்ந்து போகாமல், உணவகத்துக்குப் போன் செய்து எந்தச் சந்து என்று கேட்பதே சரி.

ஆனால் வெளியே வரும் வழி மிக எளிது, சரிவில் இறங்குங்கள். ககுராசாகா என்ற பெரிய தெரு ஒரு மேடு. 1ஆம் சோமே அடிவாரத்தில், ஈதாபாஷி நிலையத்தருகே. 6ஆம் சோமே உச்சியில், ககுராசாகா நிலையத்தருகே. நடுவில் பெரிய தெருவின்மேலேயே சிவப்பு வாசலோடு பிஷாமோந்தென் கோயில். பிரிந்தால் கோயில் வாசலில் கூடலாம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஈதாபாஷியில் மெட்ரோவில் வந்தால் பி3 வாசல், ஜேஆரில் வந்தால் மேற்கு வாசல். மற்ற வாசல்கள் கால்வாயின் மறுபக்கமும் மேம்பாலத்தடியிலும் விட்டுவிடும். டாக்சியில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தத் தெரு ஒருவழிப் பாதை, அதன் திசையும் நாளில் மாறும். காலையில் வண்டிகள் மேலிருந்து கீழே, பிற்பகலில் கீழிருந்து மேலே. பிற்பகலில் மேலிருந்து வர நினைத்தால் ஓட்டுநர் சுற்றிக்கொண்டுதான் போவார்.


நான்காம் நாள்: நிஷி-கசாய்

தோசை, இட்லி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் கிடைக்கும் வட்டாரம். 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த கணினிப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கியதில் எடோகாவா வட்டத்தின் இந்தப் பகுதி இந்தியர்கள் நிறைந்த இடமானது. தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்குத் தோசாய் தடத்தில் மாறாமல் போகலாம் என்பது ஒரு பெரிய காரணம்.

அந்தத் தோசாய் தடம்தான் பொறியும். நிலையத்தில் வழி தவற இடமில்லை, வடக்கு தெற்கு என்று இரண்டு பக்கம்தான். தப்பு ரயிலில் நடக்கிறது. தோசாய் நிலையங்களுக்கு டி01இலிருந்து டி23வரை எண் உண்டு. ஓதேமாச்சி டி09, நிஹோம்பாஷி டி10, நிஷி-கசாய் டி16. ரேபிட் வகை ரயில் டி14 தோயோச்சோவரை எல்லா இடத்திலும் நிற்கும், அதுவரை சந்தேகமே வராது. அதற்குப் பிறகு டி15, டி16, டி17 மூன்றையும் தாண்டி ஆற்றைக் கடந்து டி18 உராயாசுவில் போய் நிற்கும். அது டோக்கியோவே இல்லை, சிபா மாகாணம். பலகை ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வரும், ஆங்கிலம் வரும்வரை பொறுத்து 'லோக்கல்' என்பதை உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். ஓடும் ரயிலில் தெரியவந்தால் தோயோச்சோதான் கடைசி வாய்ப்பு, இறங்கி அடுத்த லோக்கலுக்கு நில்லுங்கள். உராயாசுவே வந்துவிட்டால் கேட்டைத் தாண்டாமல் எதிர்த்திசைப் பிளாட்பாரத்துக்குப் போய், லோக்கலில் இரண்டு நிலையம் திரும்புங்கள்.

காலை நேரத்தில் இந்தத் தடத்தில் நகரத்துக்குள் போகும் ரயில்கள் டோக்கியோவிலேயே மிக நெரிசலானவற்றில் சேரும். கூட்டமாக ஏறினால் கூட்டமாக இறங்க முடியாது. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். திங்கள் தவிர மற்ற நாளாக இருந்தால் அடுத்த நிலையமான கசாயில் பாலத்தடியில் இருக்கும் மெட்ரோ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.


ஐந்தாம் நாள்: டோக்கியோ நிலையம், ஷிபுயா

டோக்கியோ நிலையத்தில் இரண்டு முகங்கள். 1914இல் கட்டிய செங்கல் கட்டடம் தெரிந்தால் அது மேற்கே, மருனோவுச்சி பக்கம். ஷின்கான்சென் அதிவேக ரயில்களின் பிளாட்பாரங்கள் இருப்பது கிழக்கே, யாயேசு பக்கம். இங்கே புகழ்பெற்ற சந்திப்பிடம் 'கின் நோ சுசு' என்ற வெள்ளி மணி. அது டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஒருவர் ரயிலில் வருகிறார், மற்றவர் தெருவிலிருந்து வருகிறார் என்றால் அதைச் சொல்லாதீர்கள், வெளியிலிருப்பவர் அவரைப் பார்க்கவே காசு கட்டி நுழைய வேண்டியிருக்கும். டிஸ்னிலேண்ட் போக ஏறும் கெய்யோ தடம் (ஷின்ஜுகுவில் சொன்ன கேயோ வேறு) பெயருக்குத்தான் இதே நிலையம். மற்றப் பிளாட்பாரங்களிலிருந்து நகரும் நடைபாதைகளில் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. அதனால் பாதாள ரயில் என்று பெயர் பெற்ற கின்சா தடம் இங்கே மூன்றாம் மாடியில் நிற்கிறது. ஃபுகுதோஷின் தடமும் தோயோகோ தடமும் ஐந்தாம் பாதாளத் தளத்தில். இதிலிருந்து அதற்கு மாற ஐந்து நிமிடம் என்று செயலி சொன்னால் கூட்டத்தோடு போகிறவர்கள் இரண்டு மடங்கு வையுங்கள். ஃபுகுதோஷினில் தூங்கிவிட்டால், சில ரயில்கள் நேராக யோகோஹாமாவரை ஓடும். ஹச்சிகோ நாய்ச் சிலையருகே சந்திக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாலையில் அங்கே நிற்கும் அத்தனை பேரும் யாருக்காகவோதான் காத்திருக்கிறார்கள், முகம் தேடுவதற்கே நேரம் போகும். கட்டடத்தின் பெயர், மாடி, எந்தக் கடை வாசல் என்று மூன்றும் சொல்லி உள்ளே சந்தியுங்கள்.


ஆறாம் நாள்: இரவு

மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். யமனோதே ஒரு மணி அளவில். மறுபடி காலை ஐந்து மணி வாக்கில்தான். கடைசி ரயில் என்றால் நீங்கள் போகுமிடம்வரை போகும் கடைசி ரயில் எது என்று பாருங்கள். இரவில் யமனோதே ரயில்கள் ஒசாகி, இகேபுகுரோ, ஷினகாவாவோடு முடிந்துவிடுவது வழக்கம். மாறிப் போக வேண்டிய தடம் அதற்குள் மூடியிருக்கும். இரவு விருந்துக்கு உட்காருமுன்பே அந்த நேரத்தை எல்லோர் போனிலும் அலாரமாக வையுங்கள்.

போன் அணைந்து ஒருவர் தனியாக நின்றுவிட்டால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், கோபன் தேடுவது. சிவப்பு விளக்கு எரியும் சிறு காவல் சாவடி, பெரிய நிலையங்களின் வாசலருகே அநேகமாக ஒன்று இருக்கும். வழி சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை, வட்டாரத்தின் ஒவ்வொரு துண்டு நிலமும் உள்ள வரைபடம் வைத்திருப்பார்கள். விடுதி முகவரியை ஜப்பானிய எழுத்தில் தாளில் வைத்திருந்தால் பேச்சே தேவைப்படாது. போனில் மட்டும் படம் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் அது கிடைக்காது, அதனால் ஒரு தாளிலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். அவசரத்துக்குக் காவல் 110, ஆம்புலன்ஸ் 119. தொலைந்த பொருளை முதலில் அந்த ரயில் நிறுவனத்தின் நிலைய அலுவலகத்தில் கேளுங்கள். சில நாள் கழித்து அது காவல்துறைக்கு, ஈதாபாஷியில் உள்ள தொலைந்த பொருள் மையத்துக்குப் போய்விடும்.

ரயில் போனபின் டாக்சி. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை 20 சதவீதம் கூடுதல். ஒரு வண்டியில் நான்கு பேர்தான். ஐந்து பேர் என்றால் இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர்களிடமும் அதே ஜப்பானிய முகவரித் தாளைக் காட்டுங்கள். 'முன்னால் போகிற வண்டியைப் பின்தொடருங்கள்' என்று சொன்னால் முதல் சிக்னலிலேயே பிரிந்துவிடும். பின் கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார், கை வைக்க வேண்டாம். கிளம்புமுன் இரண்டு வண்டியிலும் தாள் இருக்கிறதா, ஒவ்வொரு வண்டியிலும் போன் உயிரோடு இருக்கும் ஒருவராவது ஏறியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.